பொந்து நோயன்று

திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் இடவப்பாதி மழை நெருங்கும்போது சாலையோர மரங்கள் மீது விசாரணை தொடங்குகிறது. 'நோயுற்றது', 'அழுகியது', 'பொந்து விழுந்தது' என்ற மூன்று சொற்களும் ஒரே பொருளில் வழங்கப்பட்டு, மூன்றுக்கும் ஒரே தண்டனையாகக் கோடரி விதிக்கப்படுகிறது. இது மொழிக்குறை அன்று. ஆராயாமல் தீர்ப்பெழுதும் சோம்பல்.

நோய் என்பது உயிருள்ள திசுவின் செயல் குலைவது. அழுகல் என்பது பூஞ்சை கட்டையைச் சிதைப்பது. மரத்தின் வைரப்பகுதியில் உயிரணுக்களே இல்லை. பூஞ்சையே அழுகலுக்குக் காரணம், அழுகலின் விளைவன்று என்பதை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் ஹார்ட்டிக் 1870களிலேயே நிறுவினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றி அரண் எழுப்பி ஒதுக்குகிறது என்று அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1977இல் விளக்கினார். பொந்து பல வேளைகளில் மரம் நடத்தி முடித்த போரின் தழும்பு மட்டுமே. சுற்றிலும் போதிய நல்ல கட்டை இருந்தால், குழாயைப் போல் அம்மரம் நெடுங்காலம் நிற்கும்.

மறுபுறம், பசுமையான இலை பாதுகாப்புக்குச் சான்றன்று. நீரை மேலேற்றுவது வெளிச்சுற்றுக் கட்டை. வைரமும் தாங்குவேர்களும் அழுகிய பின்பும் தழை செழித்திருக்கலாம். அழுகலிலும் வகையுண்டு. வெண்ணழுகல் லிக்னினைச் சிதைக்கும். பழுப்பழுகல் செல்லுலோசைத் தின்னும். கட்டையின் எடை சிறிதே குறைந்த நிலையிலேயே வலிமை பெரிதும் போய்விடும். இலை வாடுவது மரம் காட்டும் அறிகுறி. அடிமரத்தில் முளைத்த காளான் நோய்க்காரணியே நேரில் தரும் அடையாளம். பொந்தை மட்டும் தேடும் கண், வேரடிக் காளானைக் கடந்து போகிறது. விழக்கூடாத மரம் வெட்டப்படுவதும், வெட்ட வேண்டிய மரம் மனிதர் மேல் விழுவதும் இப்படித்தான்.

பெயர்க்குழப்பத்தின் விலையைத் தென்னை விவசாயி நன்கறிவார். 1882 வெள்ளத்திற்குப் பின் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் காணப்பட்டு, இன்று திருவனந்தபுரம் முதல் திருச்சூர் வரை பரவியிருப்பது 'வேர் வாடல்'. அதன் காரணி உணவுக்குழாய்களில் வாழும் பைட்டோபிளாஸ்மா, பரப்புவன பூச்சிகள். 1952இல் தஞ்சையில் பதிவானது 'தஞ்சாவூர் வாடல்'. அதுவோ கானோடெர்மா பூஞ்சையால் வரும் அடித்தண்டழுகல். மண்வழி, வேர்வழிப் பரவுவது. நோயுற்ற தென்னையைச் சுற்றி அகழி வெட்டுவது பின்னதற்கு அறிவுடைய செயல். பறந்து வரும் பூச்சிக்கு அகழி எம்மாத்திரம்? இரண்டையும் 'வாடல்' என்றழைத்ததால் நோய் மாறவில்லை, மருந்துதான் மாறிப்போகிறது.

'உயிர் போகும் நேரத்தில் சொல்லாராய்ச்சி எதற்கு?' என்பார் உளர். உயிர் போகும் என்பதாலேயே சொல் துல்லியமாக வேண்டும். மருத்துவர் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் எழுதிக் காலை வெட்டுவதை எவரும் ஏற்பதில்லை.

ஆகவே, ஒவ்வொரு வெட்டுப் பரிந்துரையும் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லட்டும்: அழுகல் எங்கே, வேரிலா தண்டிலா கிளையிலா? எவ்வகை? நல்ல கட்டை எவ்வளவு எஞ்சியுள்ளது? மரம் விழுந்தால் எதன் மேல் விழும்? இவற்றுக்கு விடையில்லாத தாளில் கையொப்பமிட எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை.