மௌனம் தீர்ப்பாகாது

விருதுநகர் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகரே ஆயினும், அம்மாவட்டத்தின் தலைமை நியாயஸ்தலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நடந்து வருகிறது. ஆகவே, மாவட்டக் கோர்ட்டு வரை வந்துவிட்ட ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காக, ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து இறங்கி, டவாலி தம் பெயரைக் கூப்பிடும் வரை வராந்தாவில் நின்றுவிட்டு, வாய்தா வாங்கிக்கொண்டு மாலையில் ஊர் திரும்புவது அங்கே அன்றாடக் காட்சி. இத்தனை அலைச்சலுக்குப் பிறகும் அவர் அடுத்த வாய்தாவுக்கும் தவறாமல் வருகிறாரென்றால், மேடைமீது அமர்ந்திருப்பவர் எவருக்கும் அஞ்சாமல், ஜயமோ அபஜயமோ, ஒரு முடிவைச் சொல்லியே தீருவார் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

அத்தகைய நீதிபதி ஒருவரையே விசாரித்து முடிவு சொல்லும் கடமை ஒரு சபைக்கு நேருமாயின், அந்தச் சபை வாய் திறவாமல் இருந்துவிடலாமா? இருக்கலாகாது என்பதே என் அபிப்பிராயம். அதை ஸ்தாபிப்பதற்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இவ்விரண்டு ஊர்களின் சரித்திரமே போதிய சான்று தருகிறது.

1950 ஜனவரி 26-ம் தேதி நம் அரசியல் சாசனம் அமலுக்கு வந்தபோது சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்தவர் ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா. தம் சொந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குத் தானமாக வழங்கிய அந்த உத்தமரின் சர்க்கார், புதிய சாசனத்தின் ஆரம்பப் பரீட்சைகள் இரண்டில் தோற்றது. 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்கு விதித்த தடை செல்லாதென்று 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவரும் ஒரு தமிழரே, பதஞ்சலி சாஸ்திரி. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணையை அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பினால் தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பு சாமானியமானதன்று. எனினும் தீர்ப்பு வழங்கிய நீதிபதிகளின் பதவிக்கு ஊறு விளைவிக்க எவராலும் இயலவில்லை. மாறாக, சாசனத்தையே திருத்துவது என்ற நேர்வழி கைக்கொள்ளப்பட்டு, அவ்வாண்டிலேயே முதலாவது திருத்தம் நிறைவேறியது. தீர்ப்புப் பிடிக்காவிடில் சட்டத்தை மாற்றலாம், நீதிபதியை மாற்றலாகாது என்ற மரபு அவ்விதம் வேரூன்றியது.

அம்மரபுக்கு அரணாகச் சாசன கர்த்தாக்கள் எழுப்பிய மதில் உயரமானது. உச்ச நீதிமன்ற நீதிபதியை 124-வது ஷரத்தின்படியும், உயர் நீதிமன்ற நீதிபதியை அதனை 218-வது ஷரத்தோடு சேர்த்துப் படித்தும், நிரூபிக்கப்பட்ட தீயொழுக்கம் அல்லது திறமையின்மை என்ற இரண்டே காரணங்களுக்காக மட்டுமே நீக்க முடியும். அதற்கும் பாராளுமன்றத்தின் இரு சபைகளும், ஒரே கூட்டத்தொடரில், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரவோடும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவோடும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இத்தகைய பிரேரணையின்மீது அல்லாமல் நீதிபதியின் நடத்தையைப் பாராளுமன்றத்தில் விவாதிக்கவும் கூடாது என்கிறது 121-வது ஷரத்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் பணிபுரியும் முன்சீப் ஒருவர் தவறிழைத்தால் அவரைக் கண்டிக்கவும், இடைநீக்கம் செய்யவும், கட்டாய ஓய்வில் அனுப்பவும் உயர் நீதிமன்றத்தின் கையில் படிப்படியான அதிகாரங்கள் உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதிக்கோ நீக்கம் என்ற ஒரே தண்டனையைத்தான் சாசனம் வகுத்திருக்கிறது.

இந்த ஏற்பாடு முதன்முதலாகச் சோதனைக்குள்ளானதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பைப் படித்த ஒருவர் விஷயத்தில்தான் என்பது விதியின் விசித்திரம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும், பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாகவும் இருந்து, 1989-ல் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்ந்தவர் நீதிபதி வி. ராமசாமி. சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில், உத்தியோக இல்லத்துக்கான மரச்சாமான்கள், கம்பளங்கள் முதலியவற்றுக்காகப் பொதுப்பணத்தை முறைகேடாகச் செலவழித்தார் என்று அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. 1991-ல் 108 மக்களவை உறுப்பினர்கள் கையொப்பமிட்ட பிரேரணையைச் சபாநாயகர் ரவி ராய் ஏற்று, 1968-ம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி, நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் மூவர் குழுவை நியமித்தார். அந்தக் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமாயின என்று அறிக்கை அளித்தது. நீதிபதியோ அவற்றை இறுதி வரை மறுத்தார்.

1993 மே மாதம் பிரேரணை மக்களவைக்கு வந்தது. சோம்நாத் சட்டர்ஜி அதனை முன்மொழிந்து வாதிட, நீதிபதிக்காகக் கபில் சிபல் சபையின் வாயிலருகே நின்று பல மணி நேரம் வாதாடினார். வாக்கெடுப்பின் போது சபையில் இருந்தவர்கள் 401 பேர். பிரேரணையை ஆதரித்தவர்கள் 196 பேர். எதிர்த்தவர்? ஒருவருமில்லை. ஆளுங்கட்சியான காங்கிரசையும் அதன் தோழமைக் கட்சிகளையும் சேர்ந்த 205 பேர் வாக்களியாமல் வாளா இருந்தனர்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று நோக்குவது நல்லது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற நிபந்தனை நூற்றுக்கு நூறு பூர்த்தியாயிற்று. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 270-ஐ ஒட்டிய எண்ணிக்கை வேண்டும் என்ற நிபந்தனை பூர்த்தியாகவில்லை. ஆகவே பிரேரணை தோற்றது. நீதிபதி நிரபராதி என்று சபையில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. குற்றவாளி என்று தீர்மானிக்கச் சபைக்குப் பலம் போதவில்லை. குற்றச்சாட்டுகள் பொய்யாயின் களங்கம் துடைக்கப்படும் உரிமை அந்த நீதிபதிக்கு இருந்தது. மெய்யாயின் அவரை நீக்கும் கடமை தேசத்துக்கு இருந்தது. உரிமை, கடமை இரண்டையும் அந்த 205 பேரின் மௌனம் ஒருசேர விழுங்கிற்று. அவர் 1994-ல் ஓய்வுபெறும் வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே நீடித்தார்.

இதற்குப் பரிகாரம் மதிலின் உயரத்தைக் குறைப்பதே என்று வாதிப்போர் உண்டு. அவர்கள் கடல் கடந்து இலங்கையைப் பார்க்கட்டும். அங்கே பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தாலே போதும். தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை விசாரித்த தெரிவுக்குழுவில் ஆளுங்கட்சியினரே மிகுந்திருக்க, எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்த பின்னரும் அது குற்றத் தீர்ப்பை எழுதி முடித்தது. 2013 ஜனவரியில் 155-க்கு 49 என்ற வாக்குக் கணக்கில் தீர்மானம் நிறைவேறி அவர் வெளியேற்றப்பட்டார். ஆட்சி மாறிய 2015-ல் அந்த நீக்கமே செல்லாதென்று புதிய அரசு அறிவிக்க, அவர் மீண்டும் ஆசனத்தில் அமர்ந்து, மறுநாளே ஓய்வுபெற்றார். ஆட்சியாளர்களின் கோபம் எளிதில் தாண்டக்கூடிய மதில் நீதிபதிகளுக்கு மதிலே அன்று. குமாரசாமி ராஜாவின் காலத்தில் அத்தகைய தாழ்ந்த மதில் இருந்திருப்பின், 1951-ன் தீர்ப்புக்கு எத்தனை நீதிபதிகள் பலியாகியிருப்பார்களோ!

ஆகவே உயரம் அப்படியே இருக்கட்டும். மௌனத்துக்கு மட்டும் இடமில்லாமல் செய்வோம். பிரேரணையைச் சமர்ப்பிக்கும் முறையையும் விசாரணை முறையையும் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தலாம் என்று 124-வது ஷரத்தின் ஐந்தாம் பிரிவே பாராளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அதைக் கொண்டு 1968-ம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று விதிகளைச் சேர்க்கலாம். விசாரணைக் குழு குற்றம் நிரூபணமாயிற்று என்று கூறிய பிரேரணையில் சபையில் உள்ள ஒவ்வோர் உறுப்பினரும் ஆம் என்றோ இல்லை என்றோ பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். கட்சிக் கொறடாவின் கட்டளை அவ்வாக்கெடுப்பில் செல்லாது. அதையும் மீறி வாக்களியாமல் விலகி நிற்போர் அதற்கான காரணத்தை எழுத்தில் தந்து, அது சபைக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

மனச்சாட்சியைக் கட்டாயப்படுத்தலாமா என்று கேட்கலாம். நீதிபதிக்கும் மனச்சாட்சி உண்டு. ஆயினும் ஐயம் இருக்கிறது என்று சொல்லி அவர் வழக்கை முடிக்காமல் விட்டுவிட முடியாது, ஐயத்தின் பலனை எதிரிக்கு அளித்துத் தீர்ப்பெழுதவே வேண்டும். உறுப்பினருக்கும் அவ்வழி திறந்தே இருக்கிறது: ஐயமிருப்பின் இல்லை என்று வாக்களிக்கலாம். இல்லை என்றாலும் வாளா இருந்தாலும் பிரேரணை தோற்கத்தானே செய்யும் என்பாரும் உண்டு. மெய்தான், ஆனால் இல்லை என்று சொன்னவர் தம் தொகுதி மக்களுக்கு அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர், வாளா இருந்தவருக்கு அந்தக் கடமையே எழுவதில்லை.

1999-ல் நீதிபதி ராமசாமி சிவகாசி மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று அத்தொகுதியைச் சேர்ந்தவை. அத்தோல்வியைச் சண்டிகர்க் குற்றச்சாட்டுகளின்மீது மக்கள் அளித்த தீர்ப்பாகக் கொள்வது நேர்மையாகாது. தேர்தல் கட்சிகளைத் தரம் பிரிக்கும் அரங்கமே தவிர, சாட்சியங்களை எடைபோடும் நியாயஸ்தலம் அன்று. சாட்சியங்களை எடைபோடும் பொறுப்பைச் சாசனம் பாராளுமன்றத்திடமே ஒப்படைத்திருக்கிறது. சாசனம் அமலுக்கு வந்து 75 ஆண்டுகள் நிறையும் வரை உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் ஒரு நீதிபதிகூட இவ்வழியில் நீக்கப்படவில்லை என்பது, நம் நீதிபதிகளின் பரிசுத்தத்தைக் காட்டுகிறதா, நம் சபைகளின் தயக்கத்தைக் காட்டுகிறதா என்பதை அறிய வழியில்லாமல் போனதற்குக் காரணம், முதல் சோதனையிலேயே சபை பேச மறுத்ததுதான். அடுத்த பிரேரணை எந்த நீதிபதியின்மீது வரினும், அது வருமுன் மேற்சொன்ன மூன்று விதிகளையும் இயற்றிவிடுவது பாராளுமன்றத்தின் கடமை. ஏனெனில், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் தெரிந்த பின் இயற்றப்படும் விதி அவருக்காகவோ அவருக்கு எதிராகவோ இயற்றப்பட்டது என்ற பழிக்கே ஆளாகும்.