வெக்டருக்கு லிஸ்ட் வேண்டாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிப் புரோகிராமிங் பழகுபவர்களுக்குச் சீக்கிரமே வரும் ஆசை, சின்னதாக ஒரு கேம் எழுதிப் பார்ப்பது. எனக்கும் வந்தது. பைத்தானில் ஒரு பந்தைப் பறக்கவிட முயன்றேன்.

பந்து இருக்கும் இடத்தைச் சொல்ல பக்கவாட்டு, உயரம், ஆழம் என மூன்று எண்கள் வேண்டும். ஒரு ஃபிரேமில் அது நகரும் அளவைச் சொல்லவும் மூன்று எண்கள். இப்படிச் சேர்ந்தே வரும் மூன்று எண்களைத்தான் முப்பரிமாண வெக்டர் என்கிறார்கள். பயந்துவிடாதீர்கள், பெயர்தான் பெரிது.

இரண்டையும் லிஸ்ட்டாக வைத்தேன். இடம் [1, 2, 3], நகர்வு [4, 5, 6]. கூட்டினால் [5, 7, 9] வரும் என்பது என் கணக்கு. பைத்தான் தந்ததோ [1, 2, 3, 4, 5, 6]. தப்பு அதனுடையது அல்ல. லிஸ்ட்டுகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால், ஒன்றின் பின்னால் இன்னொன்றை ஒட்டு என்றுதான் அர்த்தம். எர்ரர் மெசேஜும் வராது. நான் முதல் மூன்று எண்களை மட்டும் எடுத்துப் படம் வரைந்ததால் பந்து அசையவே இல்லை. லிஸ்ட் மட்டும் அனுமார் வாலாக நீண்டுகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, படம் வரையும் பகுதியில் தப்பைத் தேடினேன்!

இன்னொரு வம்பும் உண்டு. பழைய இடத்தை நினைவில் வைக்க 'பழையது = இடம்' என்று எழுதினால் நகல் எடுக்கப்படாது. ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். அதில் ஓர் எண்ணை மாற்றினால் 'பழைய' இடமும் கூடவே மாறிவிடும்.

ஆகவே, வெக்டருக்கென்று நீங்களே ஒரு கிளாஸ் எழுதுங்கள் என்பேன். எக்ஸ், ஒய், இசட் என மூன்று உறுப்புகள். கூட்டல் குறிக்கு என்ன அர்த்தம் என்று நாமே சொல்லித்தர பைத்தான் இடம் கொடுக்கிறது. கூட்டும்போது பழையதைத் தொடாமல் புதிய வெக்டர் ஒன்றைத் தரும்படி எழுதுங்கள். பத்துப் பதினைந்து வரிகள் போதும். 'நம்பை' நூலகம் இருக்கிறதே என்பீர்கள். அதில் கூட்டல் சரியாகவே வரும், வேகமும் அதிகம். ஆனால் நகல் எடுக்காத வம்பு அதிலும் உண்டு. கையால் ஒருமுறை எழுதியவருக்குத்தான் அது சட்டென்று பிடிபடும்.

எது உயரம் என்பதையும் கிளாஸின் தலையிலேயே குறித்து வையுங்கள். பிளெண்டரில் மேல்நோக்கிப் போவது இசட், யூனிட்டியில் ஒய். அங்கே நிமிர்ந்து நின்ற பொம்மை இங்கே வந்து மல்லாக்கப் படுத்துக்கொண்டால் திகைக்காதீர்கள்.