மானத்திற்கா? எண்ணெய்க்கா?

யுத்தம் வந்துவிட்டால் ஒவ்வொரு சர்க்காரும் தேசமானம் என்றும், நீதி என்றும், சுதந்தரம் என்றும் பேசிப் பாமர மக்களைப் பட்டாளத்திற்கு அழைப்பது வழக்கம். அந்தப் பேச்சுக்குக் கைதட்டுவதற்கு முன், குண்டு எங்கே விழுகிறது, பட்டாளம் எங்கே இறங்குகிறது என்பதைக் கவனித்தால் உண்மை தானே வெளியாகிவிடும்.

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைமீது குண்டு போட்டது. அது முதலில் குறிவைத்தது எதை? கோட்டையையா? கவர்னர் மாளிகையையா? இல்லை. பர்மா ஆயில் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகளை! எதைக் கொளுத்தினால் எதிரிக்கு வலிக்கும் என்பது அக்கப்பல் தலைவனுக்குத் தெரிந்திருந்தது.

மேற்படி பர்மா கம்பெனி பெற்ற பிள்ளைதான் 1909-ல் ஏற்பட்ட ஆங்கிலோ-பர்ஷியன் ஆயில் கம்பெனி. அதற்கு முன்பே, 1901-ல், டார்சி என்ற சீமான் பாரசீக மன்னனுக்கு 20,000 பவுன் ரொக்கமும், அவ்வளவு பெறுமான பங்கும், லாபத்தில் நூற்றுக்கு 16-ம் தருவதாகச் சொல்லி, அந்நாட்டின் பெரும்பாகத்து எண்ணெயை 60 வருஷத்திற்கு எழுதி வாங்கிக்கொண்டார். 1908-ல் எண்ணெய் பீறிட்டது. கப்பற்படையைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் சர்க்கார், 1914-ல் இக்கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்கை வாங்கிற்று. கரி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. எண்ணெயோ அந்நியன் மண்ணில் இருந்தது. ஆகவே அந்த மண்ணையும் காவல் காக்க வேண்டியதாயிற்று.

அதே வருஷம் நவம்பரில் இந்தியப் பட்டாளம் பாஸ்ராப் பக்கம் இறக்கப்பட்டது. அபாடான் எண்ணெய் ஆலையைக் காப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 1916-ல் குட் என்ற ஊரில் முற்றுகைப்பட்டு, பட்டினி கிடந்து, சரணடைந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்களே. கம்பெனி லாபத்தில் அவர்களுக்கு ஒரு காசாவது உண்டா?

நிற்க. 1951-ல் ஈரான் பார்லிமெண்டு தன் எண்ணெயைத் தேசவுடைமையாக்கிற்று, மொசாதெக் பிரதமரானார். உடனே ஈரான் எண்ணெயை எவரும் வாங்கவொட்டாமல் பிரிட்டன் மறித்தது. 1953 ஆகஸ்டில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒற்றர் இலாகாக்கள் கூடி மொசாதெக்கைக் கவிழ்த்தன. வெளியில் சொன்ன காரணம் கம்யூனிச பயம். ஆனால் 1954-ல் எண்ணெயைப் பங்கு போட்டபோது அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 40, பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40! ஜனநாயகத்திற்கு எத்தனை பங்கு கிடைத்தது?

எண்ணெயின்மேல் நமக்கு விரோதமில்லை. விளக்கில் எரிகிற எண்ணெய் யாரையும் கொல்வதில்லை. கப்பலும், ஆலையும், அடுப்பும் ஒரே சரக்கை நம்பியிருப்பதும், அச்சரக்கு பூமியில் சில இடங்களில் மாத்திரம் அகப்படுவதும், அதன் வாயைச் சிலர் மாத்திரம் பிடித்துக்கொள்வதுமே கொலைக்குக் காரணம். சூரிய வெளிச்சத்தையும் காற்றையும் கப்பல் நிறுத்தி மறிக்க எவனாலும் ஆகாது. ஆனால் அவற்றைப் பிடிக்கும் கருவியும், அதற்கு வேண்டிய உலோகமும் மறுபடி நாலு கம்பெனி கையில் சிக்குமானால், சரக்கின் பெயர் மாறுமே தவிர சண்டை மாறாது.

ஆதலால், இனி எவனாவது மானத்திற்காக யுத்தம் என்று மேடையேறினால், "ஐயா, அந்த மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது? அது யார் கணக்கில் வரவு வைக்கப்படும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவனுக்கு உங்கள் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.