எந்த மீன் அந்நியம் என்று யார் சொல்வது?

ஐயங்கார்குளம். ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கிறது. வெட்டுவித்தவர் தாத்தாச்சாரியார் என்கிறார்கள். மண் சுமந்தவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. 10ஆம் நூற்றாண்டு ஜனநாயகம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். குடவோலையில் பெயர் எழுத நிலமும் வேதப் படிப்பும் வேண்டும் என்பதை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

இப்போது ஏரியைக் காக்கப் புதிதாகச் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அந்நிய மீன்கள் நாட்டு மீன்களை அழிக்கின்றனவாம். அழிப்பது உண்மைதான் தோழர்களே. ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்ததையெல்லாம் தின்னும். 2000இல் ஒன்றிய அரசு தடை செய்தும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். தென் அமெரிக்காவின் டேங்க் கிளீனர், கண்ணாடித் தொட்டிக்குள் அடங்காத அளவு வளர்ந்ததும் ஏரியில் கொட்டப்படுகிறது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, முள். வலையைக் கிழிக்கும், கரையைக் குடையும், சந்தையில் விலை போகாது. கிழிந்த வலையோடு உட்கார்ந்திருப்பது இருளரும் நம் சேரிக்காரரும்தான், தொட்டி வைத்திருந்த வீட்டுக்காரர் அல்ல.

ஆனால் அதே பட்டியலில் ஜிலேபியைச் சேர்த்து, 'சாக்கடை மீன், அதைத் தின்கிறவர்களால்தான் கேடு' என்று முகம் சுளிக்கும்போது நமக்குக் காது கூசுகிறது. இந்தத் தொனி நமக்குப் பழக்கமானது. ஜிலேபியை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது அரசு நிறுவனம். சாதா கெண்டை 1939இல் ஊட்டிக்கு வந்தது. வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் 1959இல் வந்தன. கட்லா, ரோகுகூட வடக்கே கங்கை ஆற்று மீன்கள். ஏலக்காரர் விடும் கட்லா யார் கண்ணுக்கும் அந்நியமில்லை. நம் அம்மாக்களின் சட்டியில் வேகும் ஜிலேபி மட்டும் தீட்டு!

ஜிலேபிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அது பெருகிய ஏரியில் நாட்டுக் கெண்டைக்கும் அயிரைக்கும் இடம் குறையும். நாம் கேட்பது வேறு. வாய்க்காலிலும் சேற்றிலும் கையால் துழாவிப் பிடித்த உளுவையும் குரவையும் யாருக்கும் சொந்தமில்லாதவை, அதனாலேயே நம்முடையவை. காசு போட்டுக் குஞ்சு விட்ட நாளிலிருந்து ஏரியில் நீந்துவதெல்லாம் குத்தகைக்காரர் சொத்து. தூண்டில் போட்ட சிறுவன் திருடன். 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளியபோது எழுப்பிய கேள்வி இங்கே மீனுக்கும் பொருந்தும்.

அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: ஏரி மீன் எவ்வளவுக்கு ஏலம் போனது? எடுத்தவர் எந்தத் தெரு? என்ன ரகக் குஞ்சு, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவோம். எழுத நாங்கள் உதவுகிறோம்.