துருவப் பனியும் நமது கப்பலும்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. இப்பிரதேசத்தில் செய்யப்படும் மோட்டார் வண்டிகள் தேசாந்தரங்களுக்கெல்லாம் ஏற்றுமதியாகின்றன. இது நமக்குப் பெருமையே. ஆனால் துருவப் பிரதேசங்களுக்கு நமது விஞ்ஞானிகளை அனுப்பவேண்டி வரும்போது, இதே தேசம் அந்நியரிடம் கப்பலை வாடகைக்குப் பிடிக்கிறது. 1981-ம் வருஷத்தில் முதல் கோஷ்டி தென்துருவம் புறப்பட்டதும் நார்வே தேசத்துக் கப்பலிலேதான். நாற்பது வருஷங்களுக்கு மேலாகியும் அந்நிலைமை மாறவில்லை.

துருவத்துப் பனி உருகினால் செங்கற்பட்டு ஜில்லாவுக்கு என்ன என்று கேட்போர் உளர். விஷயத்தைச் சற்று விளக்குவோம். கரிப் புகையால் பூமியில் தங்கும் அதிக உஷ்ணத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சமுத்திரமே ஏற்றுக்கொள்கிறது. அந்த வெந்நீரோட்டம் அட்லாண்டிக்கிலிருந்து வடக்கே சென்று, பனிக்கட்டியை அடியிலிருந்து அரிக்கிறது. குளிர்காலத்தில் நீர் உறைவதையும் தாமதப்படுத்துகிறது. வெண்பனி சூரிய வெளிச்சத்தில் பாதிக்குமேல் திருப்பியனுப்பிவிடும். பனி விலகினால் வெளிப்படும் கரிய நீரோ பெரும்பாலும் அதை விழுங்கிவிடும். எனவே உருகல் மேலும் உருகலுக்கே காரணமாகிறது. 2012 செப்டம்பரில் வடதுருவக் கடற்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிற்று. தென்துருவத்திலும் 2023 பிப்ரவரியில் அது 18 லட்சத்துக்கும் கீழிறங்கிற்று. அளவெடுக்கத் தொடங்கிய பின் இவ்வளவு குறைவு அதற்குமுன் அங்கே கண்டதில்லை.

மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்ந்துவிடாது. தென்துருவ நிலத்தின்மேல் கிடக்கும் பனிக்கு அரணாக நிற்கும் பனித்தட்டுகளை இதே வெந்நீர் அடியில் கரைக்கிறதே, அதுதான் அபாயம். அரண் தளர்ந்தால் நிலத்துப் பனி கடலில் இறங்கும். மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றின் வழியே கடலுக்குப் போகவேண்டும். முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நின்றால் வெள்ளம் வடிவதெப்படி? 2015 டிசம்பர் வெள்ளத்தைத் துருவத்தின் தலையில் கட்டுவது நியாயமன்று. ஆனால் அதுபோன்ற வெள்ளம் மறுபடி வருங்கால் கடல் எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதே கேள்வி.

இதில் நமது மாகாணத்தின் பங்கு சொற்பமன்று. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையத்தார் அமைத்த கருவிகள், கோவாவிலுள்ள துருவ ஆராய்ச்சி நிலையத்தாரின் ஒத்துழைப்புடன், 2014 ஜூலையில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் காங்ஸ்பியார்டன் கடற்கழியில் இறக்கப்பட்டன. அக்கழியில் முன்பு குளிர்காலந்தோறும் பனி உறைந்து நிற்கும். 2006-க்குப் பின் அட்லாண்டிக் நீர் புகுவதால் அது மிகவும் குறைந்துவிட்டது. இதன் உஷ்ணத்தையும் உப்பையும் அளக்கவே அக்கருவிகள். அவற்றைச் செய்த நிலையம் நம் ஊர்க்கோடியில் இருக்கிறதென்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்!

2025 ஜூனில் கல்கத்தாவிலுள்ள சர்க்கார் கப்பல்தளத்தார் துருவக் கப்பல் கட்டுவது பற்றி ஒரு நார்வே கம்பெனியுடன் ஒப்பந்தக் குறிப்பில் கையொப்பமிட்டனர். காகிதத்தில் எழுதிய கப்பல் பனியைப் பிளக்காது. சர்க்கார் இதற்குப் பணத்தை ஒதுக்கி, கப்பல் நீரில் இறங்கும் தேதியைப் பார்லிமெண்டில் சொல்ல வேண்டும். பள்ளிக்கரணைக் கருவிகள் தரும் கணக்குகளையும் வருஷந்தோறும் தமிழில் பிரசுரிக்க வேண்டுமென்று நமது அங்கத்தினர்கள் கேட்பார்களாக.