முதலில் கத்தி, பிறகு மருந்து

கடல்நீர் மீன்தொட்டியில் வளர்க்கும் ஒரு பவளம் வாடினால் பலரும் முதலில் தேடுவது மருந்துக் குப்பியைத்தான். அதைத் தொட்டிக்குள்ளேயே ஊற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். டார்ச் பவளத்துக்கு வரும் பழுப்புக் கூழ் நோயைப் பாருங்கள். கிளையின் மேல் கூழ் படர்ந்து, அழுகல் வாடை வீசி, ஓரிரு நாளில் சதை கரைந்து வெள்ளை எலும்புக்கூடு தெரியும். அந்தக் கூழில் சதையைத் தின்னும் ஒற்றைச் செல் உயிரிகள் மொய்க்கின்றன; நீரோட்டம் அதைப் பக்கத்துப் பவளத்துக்கும் கொண்டுபோகும். ஆகவே பம்பை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி, பவளத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். நோயுற்ற கிளையை எலும்புப் பகுதியில் வெட்டிவிட்டு, மிச்சத்தைத் தொட்டி நீரில் கலந்த அயோடின் கரைசலில் சில நிமிடம் முக்கி, நல்ல உப்பு நீரில் அலசி, தனித் தொட்டியில் வைக்கலாம். கையுறை அவசியம். பாதிக் கிளைகளை இழக்க மனம் வராதுதான். தயங்கினால் மொத்தமும் போகும். அப்புறம் நீரைச் சோதியுங்கள்: வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி 1.025, கால்சியம் லிட்டருக்கு 400–450 மில்லிகிராம். எதுவாவது விலகியிருந்தால் ஒரே நாளில் இழுத்துப் பிடிக்காதீர்கள். அந்தத் திடீர் மாற்றமே மிச்சமிருக்கும் கிளைகளையும் கொன்றுவிடக்கூடும்.