கரையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்

கொடைக்கானலில் குழாயைத் திருப்பினால் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? படகு விடும் ஏரியிலிருந்துதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. 1863ஆம் ஆண்டு லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் ஓடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கிய அந்த ஏரி, கண்ணுக்கு விருந்து. தொண்டைக்குத் தண்ணீர் தருபவை வேறு. அப்சர்வேட்டரிப் பக்கத்தில் உள்ள பழைய நீர்த்தேக்கமும், மனோரஞ்சிதம் நீர்த்தேக்கமும்தான் ஊரின் தாகத்தைத் தீர்க்கின்றன.

காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குத் தண்ணீர் அனுப்புகிறது. மலையடிவாரத்தில் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் திண்டுக்கல்லுக்குக் கொடுக்கிறது.

மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்வான். பத்திரிகையில் தினமும் வருகிறது. சிறிய அணைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நிரம்பினால் ஒரு நாள் செய்தி. வற்றினால் ஒரு நாள் செய்தி. தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. கரையைப் பற்றிப் பேச்சே இல்லை!

சிறிய அணைகளிலும் ஏரிகளிலும் பெரும்பாலானவை மண் கரை கொண்டவை. மண் கரை கல் சுவர் அல்ல. அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். கரையின் அடியில் தெளிவாகக் கசிந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. கலங்கலாக வந்தால்தான் ஆபத்து. தண்ணீர் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். வெளிப்பக்கம் தொடங்கும் துளை, உள்ளே உள்ளே போய்க் கடைசியில் தண்ணீர்ப் பக்கத்தைத் தொட்டுவிடும். பிறகு சில மணி நேரத்தில் கரை போய்விடும்.

எலி வளை போதும். நண்டு வளை போதும். கரைமேல் வளர்ந்த மரமும் எதிரிதான். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். அப்படி ஒரு மரம் அணைக்கரையில் நின்று வேரோடு பெயர்ந்தால், கரையில் ஒரு பள்ளமே விழும். மரம் வளர்க்க வேண்டியதுதான். ஆனால் அணைக்கரை அதற்கு இடமல்ல.

இன்னொரு ஆபத்து, தண்ணீர் கரையைத் தாண்டி வழிவது. கல் அணை அதைக் கொஞ்ச நேரம் தாங்கும். மண் கரை தாங்காது. அதனால்தான் உபரித் தண்ணீர் வெளியேறக் கலிங்கு கட்டுகிறார்கள். அந்தக் கலிங்கில் செடி முளைத்து, மண் மேடிட்டு, பாட்டிலும் பையும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

குடகனாறு சொன்ன பாடம்

இது தூரத்துக் கதை அல்ல. கீழ்ப் பழனி மலையில் பிறந்து ஆத்தூர் நீர்த்தேக்கத்துக்கு வரும் குடகனாறு, அங்கிருந்து வேடசந்தூர் பக்கம் போகிறது. அங்கே அழகாபுரியில் ஆற்றை மறித்து ஒரு மண் அணை கட்டினார்கள். 1977 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. ஊழியர்கள் ஷட்டர்களைத் தூக்க ஓடினார்கள். பாதி தூக்கியபோது மின்சாரம் போய்விட்டது! ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தார்கள். கையால் சுற்றிப் பார்த்தார்கள். வெள்ளம் காத்திருக்கவில்லை. தண்ணீர் கரைமேல் ஏறி மறுபக்கம் அருவியாக விழுந்தது. கரை பல இடங்களில் உடைந்தது. ஓர் உடைப்பு 20 மீட்டர் என்றால் இன்னொன்று 200 மீட்டர். பின்னால் அதிகத் தண்ணீர் வெளியேற வழி செய்து அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

2019 ஜூலை 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. சுமார் 20 பேர் மாண்டார்கள். கரை கசிகிறது என்று ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி.

2021இல் மத்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டவை மட்டும் சேரும். அதற்கும் குட்டையான அணைகள் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. கீழே குடியிருப்பவனுக்குப் பத்து மீட்டர் தண்ணீரும் எமன்தான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கலாம்.

ஆகவே பொறுப்பு அணையின் சொந்தக்காரர் தலையில்தான் விழுகிறது. அது நகரசபையாக இருக்கலாம். நீர்வளத் துறையாக இருக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றே தனிக் குழு இருந்தது. கிராமங்களில் மடை திறக்கவும் கரை பார்க்கவும் நீர்க்கட்டி இருந்தார். குழாய் வந்தது, நீர்க்கட்டியை மறந்துவிட்டோம்.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு அணைக்கும் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் தினமும் கரையின் மேலும் அடியிலும் நடக்க வேண்டும். கசிவு நீரை ஒரு வாளியில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறிக்க வேண்டும். நேற்றைவிட இன்று சீக்கிரம் நிரம்பினாலோ, நீர் கலங்கினாலோ உடனே எஞ்சினீயருக்குச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பே கலிங்கைத் துப்புரவு செய்து, ஷட்டரை ஒருமுறை கையால் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் இல்லாத இரவில்தான் அது தேவைப்படும்.

கரைக்குக் கீழே உள்ள வீடுகள் எவை, ஆபத்து என்றால் அவர்களை எந்த மேட்டுக்கு அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நகரசபை வாசலில் ஒரு பலகை மாட்டி, தண்ணீர் எத்தனை அடி என்பதோடு, வாளி எத்தனை விநாடியில் நிரம்பியது என்பதையும் தினமும் சாக்பீஸால் எழுதட்டும்.